ஆறாவது வண்டி

மூன்று சனிக்கிழமைகளில் ஐந்து வண்டி பார்த்தாயிற்று.
வள்ளியூரில் ஒன்று, கே.டி.சி. நகரில் இரண்டு,
திசையன்விளையில் ஒன்று.
பணகுடி வண்டி நான் போய்ச் சேருமுன் விற்றுப்போனது.
அதையும் கணக்கில் சேர்த்தேன், பஸ் காசு என்னுடையது.

கே.டி.சி. நகர் வெள்ளை வண்டியைச் சொல்ல வேண்டும்.
முகம் பார்க்கலாம், அப்படி மெழுகு.
நாற்பத்திரண்டாயிரம் என்றது மீட்டர்.
பிரேக் மிதியின் ரப்பர் வழவழத்துப்போய்
ஒரு லட்சத்துக்குக் குறையாது என்றது.
"டாக்டர் ஓட்டுன வண்டியாக்கும்" என்றார் தரகர் சங்கரநயினார்.
இந்தச் சீமையில் விற்க நிற்கும் வண்டியெல்லாம்
டாக்டர்கள் ஓட்டியவை.
நோயாளிகளை யார் பார்த்தார்களோ?

வருமுன் ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல்லியிருந்தேன்.
பானெட்டில் கை வைத்தால் வெதுவெதுப்பு.
வெயில் என்றார்.
வண்டி நின்றது வேம்பின் நிழலில்.

நான் காற்றாலைக்காரி.
ராதாபுரம் பக்கம் எண்பது மீட்டர் ஏறி
கியர்பெட்டிக்குக் காது கொடுக்கச் சம்பளம்.
பேரிங் முதலில் முனகும், பிறகு அலறும்,
பிறகு மேலதிகாரி அலறுவார்.
டர்போவும் விசிறிதான்.
சுண்டுவிரல் தடிமனில் தண்டு, நிமிஷத்துக்கு லட்சம் சுற்று.
இன்ஜின் துப்பிய புகையில் சுழன்று
அதே இன்ஜினுக்கு மூச்சை ஊட்டும்.

குழாயைக் கழற்றித் தண்டைப் பிடித்தேன்.
விழப்போகிற பால்பல் மாதிரி
முன்னும் பின்னும் ஆடியது.
இன்டர்கூலர் குழாய்க்குள் விரல் விட்டால் எண்ணெய்.
யாரோ மேப்பை மாற்றி, ஆசை தீர மிதித்து,
பழைய மேப்பைத் திரும்ப ஏற்றி
விற்க நிறுத்தியிருக்கிறார்கள்.
நான் செய்ய இருந்ததை எல்லாம் செய்து முடித்த வண்டி.

திசையன்விளைச் சாம்பல்நிறத்துக்குள் தேரி மண்.
ஃபில்டரைத் தாண்டி உள்ளே போன சிவப்பு மாவு
இதழ்களின் விளிம்பை அரம் போட்டிருந்தது.

செய்யதலியும் நானும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச்.
மேலப்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கிறான்.
போனில் கத்தினான்:
"ஏ ஜெபக்கனி, மினுக்கப் பாத்து மயங்காத.
பாதிப் பணத்துக்கு வண்டி, மீதிப் பாதிக்கு வேலை.
அதுலயும் மொதல்ல பிரேக்கு."
தெரியும் என்றேன். தெரிந்ததை
வேறொரு வாய் சொன்னால்தான் பர்ஸ் மூடுகிறது.

ஆறாவது, உவரியில்.
நீலம். கதவின் அடியில் உப்பு தின்ற ஓட்டை.
பின்னிருக்கையை மடக்கி வஞ்சிரப் பெட்டி ஏற்றியவர்
சூசை மிக்கேல்.
"மீன் வாடை போகாது, நானே சொல்லிருதேன்.
பொறவு வந்து கேக்கப்பிடாது."
டாக்டர் பேச்சே இல்லை.

டார்ச்சோடு அடியில் படுத்தேன்.
சேஸிஸில் சுரண்டினேன், இரும்பு இரும்பாகவே இருந்தது.
தினம் நல்லதண்ணீரில் கழுவியிருக்கிறார்.
பிஸ்கட் டப்பா நிறைய ஆயில் பில்கள்.
டர்போ போல்ட்டுகளில்
தொழிற்சாலை வைத்த மஞ்சள் பொட்டு
கலையவே இல்லை.
பானெட் குளிர்ந்து கிடந்தது.
சாவி திருப்பினேன். ஒரே ஒரு செருமல்,
நீலப்புகை இல்லை.
எண்ணெய் மூடியைத் திறந்து கவிழ்த்து வைத்தேன்,
துள்ளாமல் உட்கார்ந்திருந்தது.

"வீட்ல எத்தன பேரு?"
நானும் அம்மாவும்.
"பொறவு எதுக்கு இம்புட்டுப் பெரிய வண்டி?"
பெரிய இன்டர்கூலர், கனத்த கிளட்ச்,
அகலமான பிரேக் தட்டு, புது மேப்.
வாய்வரை வந்தது, சொல்லவில்லை.
சொன்னால் விலையைக் கூட்டுவார்,
அல்லது விற்காமலே விட்டுவிடுவார்.

இருபதாயிரம் குறைத்தார்.
ஒரு பை கருவாடும் தந்தார்.

இட்டமொழி தாண்டி ஆளில்லாச் சாலை.
மிதித்தேன்.
முள் ஆயிரத்தெண்ணூறைத் தொடும்வரை ஒன்றுமில்லை,
ஒரு யோசனை மாதிரி சும்மா இருந்தது.
பிறகு முதுகில் ஒரு தள்ளு.
தூரத்தில் என் காற்றாலைகள்
காற்றில்லாமல் நின்றன.

பாளையங்கோட்டையில் இரவு பத்து மணி.
காலையில் முதல் மாற்றமாக
இருக்கை உறையைத்தான் கழற்ற வேண்டும்.
இப்போது
சூடு ஆறாத பானெட்டில்
மூன்று பூனைகள்.